எல்லாப் பக்கத்துக்கும் ஒரே தலை

அந்த ஆடி மாதம் என் கையில் ஒரே ஒரு வேலைதான் இருந்தது. ஒட்டன்சத்திரம் தாண்டி நாற்றுப் பண்ணை வைத்திருக்கும் ஒருவருடைய இணையதளம். தக்காளி, கத்தரி, மிளகாய் நாற்றுகளைக் குழித்தட்டில் வளர்த்து விவசாயிகளுக்கு விற்கிறவர் அவர். தளத்தை நான் திருத்திக் கொடுத்து, அது அந்தச் சனிக்கிழமை வரை மக்கர் பண்ணாமல் ஓடினால், வருஷம் முழுக்க அதைக் கவனிக்கும் வேலை எனக்கு. அவருடைய மச்சானின் உரக்கடைக்குத் தளம் செய்கிற வேலையும் எனக்கே. ஓடாவிட்டால், திங்கட்கிழமை நான் சென்னை ஆபீஸில் போய் உட்கார வேண்டும். எல்.கே.ஜி. படிக்கிற மகளைத் திண்டுக்கல்லிலேயே விட்டுவிட்டு.

சென்னைக் கம்பெனிக்கு நான் பேகம்பூர் வீட்டிலிருந்தே வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். திடீரென்று எல்லோரும் நேரில் வந்தாக வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். என் வீட்டுக்காரருக்கு இங்கே ஸ்பின்னிங் மில்லில் வேலை, அதை விட முடியாது. நாத்தனார் வீடு பக்கத்துத் தெருவில்தான். "புள்ளைய நான் பாத்துக்கிறேன், நீ போயிட்டு வா" என்று அவர் சொன்னார். எல்லாம் சரியாகத்தான் இருந்தது, என் மனசைத் தவிர. தனியாக வேலை பிடித்து இங்கேயே சமாளிக்கிறேன் என்று வீட்டில் வீறாப்பாகச் சொல்லிவிட்டேன். கம்பெனிக்காரர்களும் அந்தத் திங்கட்கிழமை வரைக்கும் பொறுத்துக்கொள்கிறோம் என்றார்கள். வந்த ஒரே வேலை இந்த நாற்றுப் பண்ணைதான்.

பண்ணைக்காரரின் பழைய தளத்தைத் திறந்து பார்த்த அன்றைக்கு எனக்கு வந்த கோபம் இன்னும் நினைவிருக்கிறது. அதை யார் செய்தார்களோ, புண்ணியவான், தக்காளிக்கு ஒரு பக்கம் எழுதியிருக்கிறார். கத்தரிக்கு வந்ததும் தக்காளிப் பக்கத்தை அப்படியே நகலெடுத்துப் பெயரை மாற்றியிருக்கிறார். மிளகாய்க்குக் கத்தரியை நகலெடுத்திருக்கிறார். இப்படியே முட்டைக்கோஸ், பந்தல் காய், செவ்வந்தி என்று போயிருக்கிறது. ஒவ்வொரு பக்கத்தின் உச்சியிலும் பண்ணையின் பெயரும், போன் நம்பரும், மற்ற பக்கங்களுக்குப் போகிற பட்டியலும் திரும்பத் திரும்ப எழுதப்பட்டிருந்தன. கீழே முகவரியும் அப்படித்தான். காலிஃபிளவர் பக்கத்தின் தலையில் "கத்தரி நாற்று" என்றே இருந்தது.

இதனால் என்ன கெட்டுப்போயிற்று என்றால், பண்ணைக்காரர் நடுவில் போன் நம்பரை மாற்றியிருக்கிறார். கண்ணில் பட்ட பக்கங்களில் மட்டும் புது நம்பரைப் போட்டிருக்கிறார். மிச்சப் பக்கங்களில் பழைய நம்பர் அப்படியே கிடந்தது. அந்தப் பழைய நம்பர் இப்போது நத்தத்தில் ஒரு மாங்காய் வியாபாரியிடம் இருக்கிறது. மிளகாய் நாற்று என்ன விலை என்று தினமும் யாராவது அவரைக் கூப்பிடுகிறார்கள். முதலில் மரியாதையாகச் சொல்லிப் பார்த்தாராம். பிறகு வைய ஆரம்பித்துவிட்டாராம்.

"ஏனுங்க, நாங்க நாத்து விக்கிறோம், அவரு பாட்டு வாங்குறாரு" என்று பண்ணைக்காரர் என்னிடம் சொல்லிச் சிரித்தார்.

நான் செய்தது பெரிய வித்தையில்லை. இணையதளம் எழுதுகிற பிஎச்பி மொழியில் வேலை செய்கிற எவருக்கும் தெரிந்ததுதான். எல்லாப் பக்கங்களுக்கும் பொதுவான மேல்பகுதியை வெட்டி எடுத்து ஒரு தனிக் கோப்பில் வைத்தேன். அதற்கு ஹெடர் என்று பெயர். அடிப்பகுதியை ஃபூட்டர் என்று இன்னொரு கோப்பில் வைத்தேன். நாற்றுத் தட்டின் படமும் விலையும் வருகிற கட்டத்தை மூன்றாவதாக ஒன்றில் வைத்தேன். இவை மூன்றையும் ஒரு தனி ஃபோல்டருக்குள் போட்டுவிட்டால், தக்காளிப் பக்கத்தில் எழுத வேண்டியது தக்காளியைப் பற்றி மட்டும்தான். மேலே ஹெடரைக் கூப்பிட ஒரு வரி, கீழே ஃபூட்டரைக் கூப்பிட ஒரு வரி. நம்பர் மாறினால் ஓர் இடத்தில் மாற்றினால் போதும். கூடவே, விவசாயிகள் தங்கள் போன் நம்பரைக் கொடுத்து உள்ளே வந்து, எத்தனை தட்டு வேண்டும் என்று அவர்களே பதிவு செய்துகொள்ளும்படியும் செய்தேன். உள்ளே வருகிறவருக்கு ஓர் அடையாளச் சீட்டைக் கொடுத்து, அவர் யார் என்று நினைவில் வைத்துக்கொள்ளும் வரிகளை ஹெடரின் முதலிலேயே வைத்தேன், அப்போதுதான் எல்லாப் பக்கமும் அவரை அடையாளம் காணும்.

பண்ணைக்காரரும் சும்மா இருப்பவர் இல்லை. தட்டு விலையை அவரே திருத்துவார், பாஸ்வேர்டு அவரிடமும் உண்டு. அதனால் அவருக்கும் போனில் விளக்கினேன்.

"இனிமே ஒவ்வொரு பக்கமாப் போக வேணாம்ணே. மேல என்ன வரணுமோ அத இந்த ஒரு ஃபைல்ல எழுதுனாப் போதும், எல்லாப் பக்கத்துக்கும் வந்துரும்."

"எல்லாத்துக்குமேங்களா?"

"எல்லாத்துக்கும்ணே."

"அப்ப ரொம்ப நல்லதுங்க" என்றார். குரலில் ஒரு மனநிறைவு இருந்தது. நம்பருக்காகச் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் புதுத் தளத்தை ஏற்றினேன். நானே ஒரு விவசாயி மாதிரி உள்ளே போய்ப் பதிவு செய்து பார்த்தேன், பிசகில்லாமல் ஓடியது. ஆடிப்பட்டம் தேடி விதை என்பார்கள். நாற்று கேட்டு ஆட்கள் அலைகிற நேரம் அது. பண்ணைக்காரர் வாட்ஸாப்பில் எல்லா விவசாயிகளுக்கும் சேதி அனுப்பிவிட்டார். அன்றைக்கு நான் நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

புதன்கிழமை காலையில் பண்ணைக்காரரிடமிருந்து போன் வந்தது. "ஏனுங்க, உள்ள விட மாட்டேங்குதாம். நம்பரப் போட்டா உள்ள போகுது, அடுத்த பக்கம் போனா மறுபடி நம்பரக் கேக்குது. கூப்புடறவங்களுக்குப் பதில் சொல்லி மாளல."

பார்த்தேன், உண்மைதான். தளத்துக்கு மறதி வியாதி வந்தது மாதிரி, ஒரு பக்கம் தாண்டினால் ஆளை மறந்துவிடுகிறது. என் கணினியில் இருக்கிற பிரதியில் அப்படி ஒன்றுமே இல்லை. ஏற்றும்போது ஏதோ பாதியில் அறுந்திருக்கும் என்று நினைத்து, எல்லாக் கோப்புகளையும் திரும்ப ஏற்றினேன். உடனே சரியாகிவிட்டது. பண்ணைக்காரரும் சரி என்றார்.

வியாழக்கிழமை காலையில் மறுபடி அதே போன், அதே கோளாறு. திரும்ப ஏற்றினேன், திரும்பச் சரியாயிற்று. எனக்கு வந்த ஆத்திரத்தில் சர்வரை வாடகைக்கு விடுகிறவர்களுக்குப் போன் போட்டு, "காசு வாங்குறீங்கல்ல, ராத்திரில ஃபைலை என்னய்யா பண்றீங்க" என்று சண்டை போட்டேன். அவர்கள் தரப்பில் ஒன்றும் இல்லை என்றார்கள். நான் நம்பவில்லை.

"விடியக்காலைல எந்திரிச்சுப் பாத்தா நாசமாக் கெடக்கு. பேய் பிசாசு எதுவும் வந்து மாத்துதா என்ன?" என்று வீட்டுக்காரரிடம் கத்தினேன்.

"பேய்க்கு பிஎச்பி தெரியுமா?" என்று அவர் சட்டைப் பட்டனைப் போட்டுக்கொண்டே கேட்டார். "சாப்டியா இல்லையா மொதல்ல?"

நான் சாப்பிடவில்லை. சாப்பிட்டிருந்தது மகள்தான். அம்மா சென்னைக்குப் போக வேண்டியிருக்கும், அத்தை வீட்டில் இருக்க வேண்டும் என்று அவளிடம் சொன்ன நாளிலிருந்து அவள் ரொம்பவும் நல்ல பிள்ளையாகிவிட்டாள். ஒரு தோசைக்கு ஒரு மணி நேரம் ஓட வைக்கிறவள், தட்டில் வைத்ததைத் தின்றுவிட்டு எழுந்து போனாள். தலை சீவும்போது கத்துவதில்லை. ஸ்கூலுக்குப் போக மாட்டேன் என்று கதவைப் பிடித்துக்கொள்வதில்லை. நல்ல பிள்ளையாக இருந்தால் அம்மா போகாது என்று யாரும் அவளிடம் சொல்லவில்லை. அவளாகவே முடிவு செய்துகொண்டாள். எனக்கு அவளைப் பார்க்கவே பயமாக இருந்தது.

வெள்ளிக்கிழமை காலையில் மறுபடியும் கோளாறு. இந்த முறை நான் அவசரப்பட்டுத் திரும்ப ஏற்றவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு சர்வரின் பிழைப் பதிவைத் திறந்தேன். விவசாயிக்கு அடையாளச் சீட்டைக் கொடுப்பதற்கு முன்பே பக்கத்திலிருந்து ஏதோ வெளியே போய்விட்டது, போனது ஹெடர் கோப்பின் முதல் வரியிலிருந்து என்று அதில் எழுதியிருந்தது. நான் எழுதிய ஹெடரின் முதல் வரியில் அப்படி எதுவும் கிடையாது. சர்வரில் இருந்த ஹெடரைத் திறந்து பார்த்தேன்.

முதல் வரியில், என்னுடைய எழுத்துகளுக்கெல்லாம் மேலே, தன்னந்தனியாக ஓர் 'உ' உட்கார்ந்திருந்தது.

பிள்ளையார் சுழி. எதை எழுதினாலும் முதலில் போடுகிறார்களே, அதுவேதான்.

முதலில் எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு கோபம், பிறகு மறுபடியும் சிரிப்பு. பழைய தளத்தில் ஒவ்வொரு பக்கத்தின் மூலையிலும் அது சின்னதாக இருந்திருக்கிறது. நகலெடுத்து நகலெடுத்து வந்ததில் அதுவும் கூடவே வந்திருக்கிறது. அங்கே அதனால் ஒரு தொந்தரவும் இல்லை, அவை வெறும் பக்கங்கள். புதுத் தளத்திலோ விவசாயிக்கு அடையாளச் சீட்டைக் கொடுத்த பிறகுதான் மற்ற எதுவும் வெளியே போகலாம். ஓர் எழுத்து முந்திப் போனாலும் சீட்டு கொடுக்க முடியாது. சீட்டு இல்லாதவரை அடுத்த பக்கம் எப்படி அடையாளம் காணும்? 'உ' பக்கத்தின் உச்சியில் இருக்கும் பச்சைப் பட்டைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டதால் என் கண்ணிலும் படவில்லை.

காரணம் தெரிந்துவிட்டது, சரி. பாஸ்வேர்டு இருக்கிற இன்னொரு ஆள் பண்ணைக்காரர்தான் என்பதால், போட்டது யார் என்றும் தெரிந்துவிட்டது. ஆனால் அதை அவரிடம் எப்படிச் சொல்வது? நான் அழித்தால் மறுநாள் காலையில் அவர் திரும்பப் போடுவார். மறைத்துச் சரிசெய்யவும் வழி உண்டுதான், சர்வரில் ஓர் அமைப்பை மாற்றினால் அந்த எழுத்தைப் பொறுத்துக்கொள்ளும். ஆனால் நாளைக்கு அவர் வேறு எங்கேயாவது இன்னொன்றை எழுதினால் நான் எங்கே போய்த் தேடுவது? போன் போட்டு, அண்ணே, உங்க பிள்ளையார் சுழியை எடுத்துருங்க என்று பேகம்பூரிலிருந்து ஒரு முஸ்லிம் பொம்பளை சொன்னால் அது எப்படிக் கேட்கும்? போனைக் கையில் எடுத்து எடுத்துக் கீழே வைத்தேன்.

ஜும்மா முடிந்து வீட்டுக்காரர் வந்ததும் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

"போன்ல சொல்லாத. மூஞ்சியப் பாக்காமச் சொன்னா வேற மாதிரி ஆயிரும். நாளைக்கு நேர்ல போயிட்டு வந்துரு."

"அந்தாளு கோவிச்சுக்கிட்டு வேலை வேணாம்னுட்டா?"

"வேணாம்னா வேணாம். அப்புறம் பாத்துக்கலாம். நீ போய்ப் பேசு."

அப்புறம் பார்ப்பது என்றால் என்ன என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். அன்றைய பதிவுகள் கெடாமல் இருக்க 'உ'வை எடுத்துவிட்டு, மறுநாள் மகளையும் கூட்டிக்கொண்டு முதல் பஸ்ஸில் கிளம்பினேன். சனிக்கிழமை, ஸ்கூல் இல்லை. பஸ்ஸில் அவள் ஜன்னலைக் கேட்கவில்லை, தின்ன எதுவும் கேட்கவில்லை. மடியில் கையை வைத்துக்கொண்டு பெரிய மனுஷி மாதிரி வந்தாள்.

பண்ணையில் பச்சை வலைக்குக் கீழே தட்டுத் தட்டாக நாற்று நின்றது. பண்ணைக்காரரும் அவருடைய மனைவியும் வாசலுக்கே வந்தார்கள். "வா சாமி, வா கண்ணு" என்று அந்த அக்கா மகளைத் தூக்கிக்கொண்டார். இரண்டு பேர் முகத்திலும் வாட்டம் இருந்தது.

"இன்னிக்கும் விடியால இருந்து அதே ரோதனைதானுங்க" என்றார் பண்ணைக்காரர். "நானே உங்களக் கூப்புடலாம்னு இருந்தேன். பேசாம பழையபடி போன்லயே எழுதிக்கலாமான்னு யோசனையா இருக்குதுங்க."

தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, "அண்ணே, ஒண்ணு கேக்கணும். தப்பா நெனைக்காதீங்க. அந்த ஹெடர் ஃபைல்ல நீங்க எதுவும் எழுதுனீங்களா?" என்றேன்.

அவர் மனைவியைப் பார்த்தார். மனைவி அவரைப் பார்த்தார்.

"நாந்தாங்க போடச் சொன்னேன்" என்றார் அந்த அக்கா. "புதுசா மாத்துனதுல புள்ளையார் சுழி காணாமப் போச்சு. உங்ககிட்டச் சொல்லிப் போடச் சொல்லலாம்னு இவரு சொன்னாரு. நாந்தான் வேண்டாம்னேன். அவுங்க பாய் வீட்டுப் புள்ள, அவுங்களப் போயிப் போடச் சொன்னா என்ன நெனைப்பாங்களோன்னு."

"நீங்கதானுங்க சொன்னீங்க, ஒரு எடத்துல எழுதுனா எல்லாத்துக்கும் வந்துரும்னு" என்றார் அவர். "தெனமும் காலைல வெளக்கு வெச்சுட்டு அந்த ஃபைலத் தொறந்து பாக்குறது. பாத்தா சுழி அழிஞ்சு கெடக்குது. மறுபடி போடுறது. அது அழிஞ்சதுனாலதான் இப்படித் தடங்கல் வருதோன்னு எங்களுக்கு ஒரே வெசனமுங்க. நேத்துத்தான் புள்ளையாருக்குத் தேங்கா ஒடைக்கறதா வேண்டிக்கிட்டோம்."

அடக்க முடியவில்லை எனக்கு. சிரித்துவிட்டேன். அவர்கள் திகைத்துப் பார்த்தார்கள். "அய்யோ அக்கா, எங்க அத்தா கடை பில்லுல எழுநூத்தி எம்பத்தாறு போடாம ஒரு பில்லு வெளிய போனதில்ல. தலையில ஒண்ணு போட்டுட்டுத்தான் வேலைய ஆரம்பிக்கணும்னு எனக்குத் தெரியாதா? எங்கிட்டச் சொல்றதுக்கு என்ன?" என்றேன்.

அந்த அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார். பண்ணைக்காரர் தன் போனில் தளத்தைத் திறந்து ஒருமுறை பார்த்தார். பிறகு, "அப்ப அதனாலதானுங்களா நிக்குது?" என்று மெதுவாகக் கேட்டார்.

நாற்றுத் தட்டை வைத்தே சொன்னேன். "தட்டு யாருக்குப் போகுதுன்னு சீட்டு ஒட்டிட்டுத்தானண்ணே வண்டில ஏத்துவீங்க? வண்டி கெளம்புனதுக்கு அப்புறம் ஓடிப்போயி ஒட்ட முடியுமா? இதுவும் அம்புட்டுத்தான். சீட்டு ஒட்டுறதுக்கு முன்னாடி சுழி வண்டியேறிப் போயிருது."

"அட" என்றார். அவ்வளவுதான், புரிந்துவிட்டது. ஆனால் முகம் தெளியவில்லை. "அப்ப எடுத்துரணுமுங்களா?"

"எடுக்க வேணாம்ணே. எடத்த மட்டும் மாத்துவோம்."

மடிக்கணினியை அவர்கள் வீட்டுத் தின்பண்ட டப்பாக்களுக்கு நடுவில் வைத்துத் திறந்தேன். பிஎச்பியில் சர்வர் படித்துவிட்டு வெளியே அனுப்பாமல் தன்னோடு வைத்துக்கொள்கிற குறிப்பு வரி ஒன்று எழுதலாம். ஹெடரில் என்னுடைய எல்லா வரிகளுக்கும் முன்னால் அப்படி ஒரு குறிப்பாக 'உ'வை வைத்தேன். கோப்புக்குள் அதுதான் முதல் எழுத்து, ஆனால் அது முந்திக்கொண்டு வெளியே போகாது. பிறகு விவசாயி கண்ணில் படுகிற மாதிரி, பச்சைப் பட்டையின் நடுவில், பண்ணைப் பெயருக்கு மேலே மஞ்சளில் இன்னொன்றும் வைத்தேன். பெரிதாகவே வைத்தேன்.

பண்ணைக்காரர் தன் போனில் தக்காளியைத் திறந்தார், கத்தரியைத் திறந்தார், செவ்வந்தியைத் திறந்தார். எல்லாவற்றின் தலையிலும் அது இருந்தது.

"முன்னயவிட எடுப்பா இருக்குதுங்க" என்றார்.

அந்த அக்கா தன் நம்பரைப் போட்டு உள்ளே போனார். அடுத்த பக்கம் போனார், அதற்கடுத்த பக்கமும் போனார். எங்கேயும் நம்பரைத் திரும்பக் கேட்கவில்லை. மிளகாய் நாற்று பதிவு செய்து, "எம்பேரு வருதுங்க" என்று போனைத் தூக்கிக் காட்டினார். நாங்கள் காப்பி குடித்துக்கொண்டிருக்கும்போதே வேடசந்தூர்ப் பக்கத்து விவசாயி ஒருத்தர் கத்தரிக்குப் பதிவு செய்த சேதி வந்தது. பின்னாலேயே இன்னொருத்தர். என் வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. அல்ஹம்துலில்லாஹ் என்று வாய்விட்டே சொன்னேன். தேங்காய் உடைக்க வேண்டிக்கொண்டவர்கள் முன்னால் சொல்கிறோமே என்றெல்லாம் அப்போது தோன்றவில்லை. அவர்களுக்கும் தோன்றியதாகத் தெரியவில்லை.

கிளம்பும்போது பண்ணைக்காரர், "வருஷத்துக்கும் நீங்களே பாத்துக்குங்க. மச்சாங்கிட்டயும் சொல்லிட்டேன், வர்ற வாரம் ஒரு எட்டு உரக்கடைக்கு வந்துட்டுப் போங்க" என்றார். "இனி எதாச்சும் எழுதணும்னா உங்ககிட்டச் சொல்லிட்டே எழுதறனுங்க."

"எழுதுங்கண்ணே. எதுவா இருந்தாலும் சொல்லிட்டு எழுதுங்க" என்றேன். அதட்டுகிற மாதிரித்தான் வந்தது குரல். அவர் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஒட்டன்சத்திரம் பஸ் ஸ்டாண்டில் நின்றபடியே சென்னைக் கம்பெனிக்கு, வரவில்லை என்று சேதி அனுப்பினேன். வீட்டுக்காரருக்குப் போன் போட்டேன். "சரி, சரி" என்று மட்டும்தான் அவரால் சொல்ல முடிந்தது. பஸ்ஸில் உட்கார்ந்ததும் மகளிடம் சொன்னேன்.

"அம்மா திங்கக்கெழம சென்னைக்குப் போகல."

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். "அப்ப செவ்வாக்கெழம?"

"செவ்வாக்கெழமையும் போகல. அம்மா போகவே இல்ல. இங்கதான் இருப்பேன்."

அவள் சிரிக்கவில்லை. விரலை வாயில் வைத்துக்கொண்டு யோசித்தாள். கீழே ஒருவர் ஆயக்குடிக் கொய்யாவை வெட்டி மிளகாய்ப்பொடி தூவி விற்றுக்கொண்டிருந்தார். ஒன்று வேண்டும் என்றாள், வாங்கிக் கொடுத்தேன். தின்றுவிட்டு இன்னொன்று கேட்டாள். வயிறு வலிக்கும் என்றேன்.

அவ்வளவுதான். செருப்பு இரண்டையும் உதறி எறிந்தாள். சீட்டில் காலை உதைத்தாள். ஜன்னல் சீட்டுதான் வேண்டும் என்றாள், கொடுத்ததும் வேண்டாம் என்றாள். கொய்யாக்காரர் போய்விட்டார், பஸ் கிளம்பிவிட்டது என்று தெரிந்ததும் வாயை முழுசாகத் திறந்து ஒரு கூப்பாடு போட்டாள். கண்டக்டர் உட்பட எல்லோரும் எங்களைத் திரும்பிப் பார்த்தார்கள். முன்சீட்டில் இருந்த ஒரு வயசான அம்மா, "என்னத்தா, புள்ள இம்புட்டு அடம் புடிக்குது" என்றார்.

"ஆமாம்மா, இவ எப்பவுமே இப்படித்தான்" என்றேன். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, துடைக்காமல் இருந்தேன். ரெட்டியார்சத்திரம் வரைக்கும் அழுதாள், நான் ஒரு வார்த்தை அதட்டவில்லை.